பாசியைத் தாக்கும் வைரஸ்

தென்பெண்ணையாறு நந்தி மலையில் உற்பத்தியாகி, பெங்களூர் நகரின் கழிவு நீரையும் ஏற்றுக்கொண்டு, ஓசூருக்கருகில் கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அதன் பின்னர் கிருஷ்ணகிரி அணையில் தேங்கி, 9,012 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கிறது. கெலவரப்பள்ளி மதகுகளில் எழும் நுரை சலவைப் பொருள் முதலியவற்றின் கழிவால் உண்டாவது. நீரைப் பச்சையாக்கும் பாசி அதனின் வேறானது. கழிவு நீரிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும், நீர் அசையாது வெயிலில் நிற்கும் காலத்தில், நீலப் பச்சைப் பாசிக்கு நல்ல எருவாகின்றன.

நண்பனும் பகைவனும்

இப்பாசி யாவும் தீயதன்று. நெல் வயல்களில் சில வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்து நிலத்தில் சேர்க்கின்றன என்பதை 1939-ம் ஆண்டில் பி. கே. டே என்பார் வெளியிட்டார். ஆயினும் குளத்திலும் அணையிலும் படலமாகப் பெருகும் வேறு சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. ஆஸ்திரேலியாவில் அலெக்ஸாண்டிரினா ஏரியில் இத்தகைய படலத்தைக் குடித்து ஆடுமாடுகளும் குதிரைகளும் மாண்ட செய்தி 1878-லேயே பிரசுரமாயிற்று.

வைரஸின் செயல்

மனிதருக்கும் பயிருக்கும் வைரஸ் நோய் வருவது போலவே பாசிக்கும் வருகிறது. இதனை அமெரிக்காவில் ஸாபர்மன், மாரிஸ் என்னும் இருவர், கழிவு நீர்க் குட்டையொன்றிலிருந்து பிரித்தெடுத்து 1963-ல் அறிவித்தனர். நம் நாட்டில் காசி இந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர். என். சிங், பி. கே. சிங் ஆகியோர் 1967-ல் இத்தகைய வைரஸ்களைக் கண்டறிந்து வெளியிட்டனர்.

வைரஸ் பாசியின் உயிரணுவில் ஒட்டிக்கொண்டு தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்துகிறது. அவ்வணு அது முதல் வைரஸையே உற்பத்தி செய்து, சில மணி நேரத்தில் வெடித்து அழிகிறது. வெளிப்பட்ட வைரஸ்கள் அடுத்த அணுக்களைப் பற்றுகின்றன. ஆனால் ஒரு வைரஸ் எல்லாப் பாசியையும் தாக்குவதில்லை; தனக்குரிய சில வகைகளை மட்டுமே தாக்கும்.

கவனிக்க வேண்டியவை

பச்சை நீர் திடீரெனத் தெளிவது கண்டு குடியானவர்கள் ஏமாறலாகாது. பாசி அழியும்போது, வைரஸினாலாயினும் மயில்துத்தம் இட்டதனாலாயினும், அதனுள்ளிருந்த நஞ்சு நீரில் கலந்துவிடுகிறது. காய்ச்சினாலும் அது நீங்காது. ஆகவே பச்சைச் சாயம் கரைத்தாற்போல் படலம் கட்டிய நீரையும், அண்மையில் அவ்வாறிருந்து தெளிந்த நீரையும் மாடுகளுக்குக் காட்டாமல், கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பி வைப்பது நலம். கரையில் ஒதுங்கிக் காய்ந்த பாசியையும் கால்நடைகள் தின்ன விடலாகாது.

நெல் வயலுக்குப் பாசி உரம் இடுவோர், நட்ட பத்தாம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ வீதம் தூவி, வயலில் நீர் நிறுத்துக. பல வகை கலந்த வித்தே உசிதமானது. ஒரு வகையை வைரஸ் அழித்தாலும் மற்றவை பிழைத்துத் தொழில் செய்யும்.

ஏரி, அணைகளில் படலம் தோன்றின், கிராம நிர்வாக அலுவலர்கள் கரையோர மக்களை எச்சரித்து, கால்நடை மருத்துவருக்கும் நீர்வளத் துறையினருக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். மாடு மாண்ட பின் காரணம் தேடுவதினும், தொட்டி நீர் காட்டி அதனைக் காப்பது எளிது.