மூலிகையும் மருந்துதான்!

இருமுனைக் கோளாறு கண்ட ஒருவர் சில வாரங்கள் உறக்கமே வேண்டாதவராய், கையிலிருப்பதையெல்லாம் செலவழித்து, ஓயாது பேசித் திரிவார். இது எழுச்சி நிலை. பின்னர் அதே மனிதர் பாயை விட்டு எழும்ப மனமின்றி, வாழ்வே வெறுத்துக் கிடப்பார். இது சோர்வு நிலை. இதனை ஜின் பிடித்ததென்று மறைத்து வைக்கும் வீடுகள் இன்னும் நம்மிடையே உண்டு. வைத்தியரிடம் காட்டிய வீடுகளிலும், சற்றுக் குணம் கண்டதும் வேறொரு பேச்சு எழுகிறது: “எத்தனை காலத்துக்கு இந்த இங்கிலீஷ் மருந்து? மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லையே!”

வாசகர்களே, இந்த எண்ணம் சரியானதா?

சர்ப்பகந்தி சொல்லும் பாடம்

யூனானி ஹகீம்கள் ‘அஸ்ரோல்’ என்றழைக்கும் சர்ப்பகந்தியின் வேர், சித்தம் கலங்கியோரை அமைதிப்படுத்த நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. டில்லி திப்பியாக் கல்லூரியில் ஆய்வு செய்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி, 1931 இல் அவ்வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, ஹகீம் அஜ்மல் கானின் பெயரால் அதனை ‘அஜ்மலின்’ என்றார். 1952 இல் அதே வேரிலிருந்து சுவிற்சர்லாந்தில் ‘ரெஸர்பின்’ பிரித்தெடுக்கப்பட்டது. அது இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் உலகெங்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் அதனை எடுத்தவர்களுள் சிலர் கடும் மனச்சோர்வில் வீழ்ந்ததாக வைத்தியர்கள் எழுதினர். மனச்சோர்வு உள்ளவருக்கு அதனைக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கையும் பிறந்தது.

எழுச்சியைத் தணித்த அதே வேர் சோர்வைக் கொண்டுவரலாமென்றால், இரண்டு நிலையும் மாறி மாறி வரும் நோயாளிக்கு அதனைத் தாமாகவே வாங்கிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது! உடலில் வேலை செய்யும் எதுவும் மருந்துதான். அளவும் ஆளும் பார்த்தே அதனைக் கொடுக்க வேண்டும்.

குளிசையோடு சேரும்போது

இந்நோய்க்கு லிதியம் உதவுமென்பதை அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949 இல் வெளியிட்டார். பொதுவாக இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை அது இருக்க வேண்டும். 1.5 ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். வாந்தி, கடும் கைநடுக்கம், தள்ளாட்டம் என்பன அதன் அடையாளங்கள். சிறுநீரைப் பெருக்கும் கசாயங்களும் பேதி மருந்துகளும் உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றி இந்த அளவை உயர்த்திவிடக் கூடும். லிதியம் எடுப்பவர் நோன்பு பிடிக்குமுன் வைத்தியரைக் கேட்பதும் இதனாலேயே அவசியம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நாம் மறுக்கலாகாது.

சோர்வு நீங்கவென விற்கப்படும் ‘ஸென்ட் ஜோன்ஸ் வோர்ட்’ என்ற மேல்நாட்டு மூலிகை, எழுச்சி நிலையைக் கிளப்பிவிடலாம். கருத்தடைக் குளிசை, வாபரின் போன்றவற்றின் வேலையையும் அது குறைத்துவிடும். ஜின்செங் எடுத்தவர்களிலும் எழுச்சி நிலை தோன்றிய சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

அமுக்கராவின் நிலை சற்று வேறு. 2013 இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், 8 வாரங்கள் அமுக்கராச் சத்தை எடுத்த இருமுனை நோயாளரின் அறிவாற்றல் சோதனைகள் சிலவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்கள் வழமையான மருந்தை நிறுத்தவில்லை. அதனோடு சேர்த்தே, வைத்தியரின் கண்காணிப்பில் எடுத்தனர். அமுக்கராவால் ஈரல் பாதிக்கப்பட்டோரும் உளர் என்பதையும் மறந்துவிடலாகாது.

நீங்கள் செய்ய வேண்டியது

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, மூலிகையை நம்பிக் குளிசையைத் திடீரென நிறுத்துவதே. லிதியத்தை அப்படி நிறுத்தினால் நோய் விரைவில் திரும்பும். தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம்.

ஆகவே, ஆயுர்வேதம், யூனானி, கடைச் சரக்கு எதுவானாலும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் பொட்டலத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கேட்பதற்கு வெட்கமாயிருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.