கிணற்றுக்குள் ஒரு பழைய கடல்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பாறையைப் பிளந்தால் சிப்பியும் அம்மோனைட்டும் கிடைக்கும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்த உயிர்கள் கட்டிக்கொண்ட ஓடுகள்தான் இறுகிக் கல்லாயின. அந்தக் கல்லையும் கரைக்கிறது மழை.

மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சில் அந்த வாயு இன்னும் பல மடங்கு. அதையும் சேர்த்துக்கொண்ட தண்ணீர் மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கிணற்றுக்கு வருகிறது. வாளியில் மொண்டால் பளிங்குபோல் தெளிவு. உள்ளே கல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. சோப்புதான் காட்டிக்கொடுக்கும். நுரைக்க வேண்டிய சோப்பைக் கால்சியம் பிடித்துக்கொண்டு திரித்திரியாய்ப் படிய வைக்கிறது. பருப்பும் லேசில் வேகாது. சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் நுரையைக் கால்சியத்தால் அப்படித் திரிக்க முடியாது. கிணற்றடியில் குளித்தவர்களுக்கு மரத்திலும் கொடியிலும் காய்க்க வைத்த ஏற்பாடு அது!

இந்தத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். வாயு வெளியேறியதும் கல் திரும்பி வருகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஏறியிருக்கும் வெள்ளைப் படிவை நகத்தால் சுரண்டி, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். புசுபுசுவென்று குமிழியிடும். கொஞ்சம் சிப்பி, கொஞ்சம் வேரின் மூச்சு: எத்தனை கோடி ஆண்டு இடைவெளியில் இருந்த இரண்டு உயிர்களை ஒரே குமிழிக்குள் வைத்திருக்கிறான் படைத்தவன்! கொதித்த நீரை ஆறவிட்டுத் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொண்டால் பாதிப் பாடு தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு அடுப்பு உதவாது. ஜிப்சம் போன்ற சல்பேட்டுகளால் தண்ணீருக்கு வரும் கடினத்தன்மை கொதிக்க வைத்தாலும் போகாது. துணி துவைக்கச் சலவைச் சோடா போடலாம். ஆனால் முழு வீட்டுக்கும் வழிகாட்டியது மண்தான். 1850-இல் இங்கிலாந்தில் எச். எஸ். தாம்சன், ஜே. தாமஸ் வே ஆகிய இருவரின் ஆய்வுகள் வெளிவந்தன. அம்மோனியா உப்புக் கரைசலை மண் வழியே வடித்தபோது, மண் அம்மோனியாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பதிலுக்குக் கால்சியத்தை வெளியே அனுப்பியது. கைம்மாறு இல்லாமல் களிமண் எதையும் வாங்குவதில்லை. பயிருக்கான உணவு மழையோடு அடித்துப் போகாமல் நிற்பது இந்தப் பண்டமாற்றால்தான்.

புனே, நாசிக் பக்கத்து எரிமலைப் பாறைகளில் பூப்பூவாய் விளையும் ஜியோலைட் படிகங்களுக்கும் இதே குணம் உண்டு. இன்று கடினநீரை மென்னீராக்க வீடுகளில் வைக்கும் சாஃப்ட்னர் தொட்டியில் இருப்பது அதே வேலையைச் செய்யும் ரெசின் மணிகள். ஒரு கால்சியம் உள்ளே போனால் இரண்டு சோடியம் வெளியே வரும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை ஊற்றுகிறோம். வலிமை கால்சியத்துக்கே அதிகம். ஆனாலும் சோடியம் கூட்டமாய் வந்து நெருக்கும்போது இடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இருக்கும் வீட்டில் சமையலறைக் குழாயை மட்டும் இந்தத் தொட்டிக்கு முன்னாலேயே பிரித்துவிடுவது நல்லது. தொட்டியைக் கழுவிய உப்புநீரைத் தென்னைக்குத் திருப்பிவிடும் பழக்கம் கூடவே கூடாது. அங்கேயும் களிமண் பண்டமாற்றுக்குத் தயாராக நிற்கிறது. கால்சியத்தைக் கொடுத்துச் சோடியத்தை வாங்கி, தண்ணீர் இறங்காமல் இறுகிப்போகும். அப்படிக் கெட்ட களர் நிலத்தைத் திருத்த விவசாயிகள் போடுவது ஜிப்சம். எந்தக் கால்சியத்தைத் தண்ணீரிலிருந்து விரட்ட இத்தனை பாடுபட்டோமோ, அதே கால்சியம்.