சாமி கும்பிட்டபின் சாத்தனூர்

கோயிலில் தரிசனம், முடிந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலம். திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பலர் இத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் உள்ளூர்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சாத்தனூர்தான்.

நகரிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காமராஜர் முதல்வராக இருந்தபோது தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டு, 1958-இல் பயன்பாட்டுக்கு வந்த அணை இது. முழு உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அணையை ஒட்டியே பூங்கா, சிலைகள், மர நிழல், வனத்துறையின் முதலைப் பண்ணை. வெயிலில் அசையாமல் கிடக்கும் முதலையைப் பொம்மை என்று பிள்ளைகள் வாதாடுவது அங்கே வாடிக்கை. பழைய தமிழ்ப் படங்களின் பாடல் காட்சிகள் பலவும் இங்கே எடுக்கப்பட்டவை.

பூங்காவைவிட மீன்கடைகளுக்கே கூட்டம் அதிகம் என்றால் மிகையில்லை. அணை மீனை மசாலா தடவிக் கண்ணெதிரே எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். ஜிலேபி, கட்லா, ரோகு எதுவானாலும் சூட்டோடு தின்றால்தான் ருசி. முள்ளுக்குப் பயந்தவர்கள் பெரிய மீனின் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம்.

மழைக்காலத்தில் மட்டும் கவனம் தேவை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த மாதங்களில் நீர் திறப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.