பசையின்றி ஒட்டும் பல்லியின் பாதம்: விண்வெளி வரை சென்ற இயற்கையின் நுட்பம்

வழவழப்பான கண்ணாடியிலும் பல்லி தடையின்றி ஓடுகிறது. கூரையில் தலைகீழாக நின்று இரை தேடுகிறது. இத்தனைக்கும் அதன் பாதத்தில் பசை ஏதும் சுரப்பதில்லை. நூற்றாண்டுகளாக விடை தெரியாதிருந்த இந்தப் புதிர் அவிழ்ந்ததன் பயனாக, கறைபடியாமல் ஒட்டி, எளிதில் பிரிந்து, மீண்டும் மீண்டும் பயன்படும் புதிய வகை ஒட்டுப்பொருள்கள் உருவாகி வருகின்றன.

தோற்றுப்போன விளக்கங்கள்

பல்லியின் பாதம் உறிஞ்சு கிண்ணத்தைப் போலச் செயல்படுகிறது என்று முதலில் கருதப்பட்டது. ஆனால், காற்று அகற்றப்பட்ட வெற்றிடத்திலும் அது ஒட்டிக்கொண்டிருந்ததால் அந்த விளக்கம் கைவிடப்பட்டது. பாதத்தில் பசைச் சுரப்பிகள் இல்லை என்பதும் உறுதியானது. சொரசொரப்பான இடங்களில் நகங்கள் உதவுகின்றன என்றாலும், கண்ணாடியில் நகத்துக்குப் பிடிமானம் கிடையாது.

1960-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகப் பாதத்தை ஆராய்ந்தபோதே உண்மை புலப்படத் தொடங்கியது. பல்லியின் விரல்களுக்கு அடியில் வரிவரியாகத் தோல் மடிப்புகள் உள்ளன. அவற்றின் மீது நகத்தில் காணப்படுவது போன்ற கெரட்டின் வகைப் புரதத்தால் ஆன நுண்மயிர்கள் அடர்ந்துள்ளன. ஆய்வுகளில் அதிகம் இடம்பெறும் 'டோக்கே' பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் நுண்மயிர்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு நீளம் கொண்டது. அதன் நுனி நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, கரண்டி போன்ற தட்டையான முனைகளில் முடிகிறது. இந்த முனையின் அகலம் சுமார் 200 நானோமீட்டர். அதாவது, கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளத்தை விடவும் குறைவு.

மூலக்கூறுகளின் ஈர்ப்பு

இரு பொருள்கள் மிக நெருங்கும்போது அவற்றின் மூலக்கூறுகளுக்கு இடையே நலிந்த ஈர்ப்பு தோன்றுகிறது. 1910-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற நெதர்லாந்து அறிஞர் வான் டெர் வால்ஸின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. சுவரில் கையை வைத்தால் இந்த ஈர்ப்பை நாம் உணர்வதில்லை. நுண்ணளவில் பார்த்தால் கையும் சுவரும் மேடுபள்ளம் நிறைந்தவை. சில புள்ளிகளில் மட்டுமே அவை உண்மையில் தொட்டுக்கொள்கின்றன. பல்லியின் நுண்முனைகளோ பரப்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் படிந்துவிடுகின்றன. ஒரு முனையின் பிடி மிகச் சிறியது. கோடிக்கணக்கான முனைகள் சேரும்போது அதுவே பெரும் விசையாகிறது.

ராபர்ட் ஃபுல், கெல்லர் ஆட்டம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒற்றை நுண்மயிரின் விசையை அளந்து வெளியிட்டனர். நீரை ஈர்க்கும் பரப்பு, நீரை விலக்கும் பரப்பு ஆகிய இரண்டிலும் பல்லி ஏறத்தாழ ஒரே வலுவுடன் ஒட்டுவதை 2002-ஆம் ஆண்டில் அவர்கள் காட்டியது, இந்த விளக்கத்துக்கு வலுச்சேர்த்தது. டோக்கே பல்லியின் 2 முன்பாதங்கள் சுமார் 20 நியூட்டன் விசையைத் தாங்கும். இது 2 கிலோ எடைக்குச் சமம்.

ஒட்டுவதை விட விடுவதே அரிது

வலுவாக ஒட்டும் பசைகள் பல உண்டு. வேண்டியபோது உடனே பிடியை விடுபவை குறைவு. பல்லி பாதத்தை ஊன்றிச் சற்றே இழுக்கும்போது நுண்மயிர்கள் சாய்ந்து பற்றுகின்றன. விரல்களை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டும்போது, நுண்மயிருக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் சுமார் 30 பாகையைத் தாண்டியதும் பிடி தானாக விடுபடுகிறது. இதனால்தான் ஒரு நொடியில் பல அடிகளை அதனால் எடுத்து வைக்க முடிகிறது. தூசி படிந்தாலும் சில அடிகள் நடந்ததும் பாதம் தன்னைத்தானே பெருமளவு தூய்மைப்படுத்திக் கொள்கிறது.

ஆய்வகம் முதல் விண்வெளி வரை

பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம் தலைமையிலான குழு, இந்த நுண்மயிர்களைப் போலச் செய்த 'பல்லி டேப்'பை 2003-ஆம் ஆண்டில் உருவாக்கியது. சில முறை பயன்படுத்தியதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிடி தளர்ந்தது. நுண்மயிரைப் படைப்பதை விட அதைச் சிக்காமல் காப்பதே கடினம் என்பதை இது உணர்த்தியது. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழு வேறு வழியைத் தேர்ந்தது. பல்லியின் தோலும் தசைநாணும் இணைந்திருக்கும் விதத்தைப் பின்பற்றி, விறைப்பான துணியையும் மென்மையான ரப்பர் போன்ற பொருளையும் சேர்த்தது. அட்டை அளவே இருந்த அந்தத் துண்டு, கண்ணாடியில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கியது.

வெற்றிடத்தில் உறிஞ்சு கிண்ணங்கள் பயன்படா. ஆகவே, செயலிழந்த செயற்கைக்கோள்களைப் பற்றி இழுக்க இந்நுட்பம் உதவும் என நாசா கருதுகிறது. அதன் ஜெட் உந்துவிசை ஆய்வகம் உருவாக்கிய பல்லிவகைப் பிடிப்பான் 2016-ஆம் ஆண்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. இந்தியாவிலும் கான்பூர் ஐஐடி ஆய்வாளர்கள், உயிரினங்களின் பாதங்களை முன்மாதிரியாகக் கொண்டு, உள்ளே நுண்குழாய்கள் அமைந்த ஒட்டுப்படலம் குறித்த ஆய்வை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஆபத்தில் முன்மாதிரி

அறிவியலுக்கு இத்தனை கற்றுத்தந்த டோக்கே பல்லி, அசாம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களில் வாழ்கிறது. எய்ட்ஸ், புற்றுநோய் போன்றவற்றை அது குணப்படுத்தும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கையால் பிடிக்கப்பட்டு, எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இது குற்றமாகும். 2019-ஆம் ஆண்டில் இந்த இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. மருந்தாக அதனால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. அதன் பாதத்திலிருந்து மனிதன் கற்றவற்றுக்கோ ஆய்வகங்களே சான்று.