சிற்றுருவும் படிம இணைப்பும்: தொலைக்காட்சித் தந்திரக் காட்சிகளின் மூலமும் பதிப்பும்

தொலைக்காட்சித் தொடர்களில் இடம்பெறும் தந்திரக் காட்சிகளைப் பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் அவற்றின் தோற்றத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். காட்சி மெய்போல் அமைந்ததா, இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. அக்காட்சி எதில் பதிவாகியுள்ளது, கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அதனை மீட்டெடுக்க இயலுமா என்னும் வினாக்கள் எழுவது அரிது. ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் அமெரிக்கத் தொடரை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது. 1987 முதல் 1994 வரை ஏழு பருவங்களாக ஒளிபரப்பான தொடர் அது. மினியேச்சர் எனப்படும் சிறிய மாதிரி இங்குச் ‘சிற்றுரு’ என்றும், தனித்தனியே எடுக்கப்பட்ட படங்களை ஒரே காட்சியாக்கும் கம்போசிட்டிங் ‘படிம இணைப்பு’ என்றும் குறிக்கப்பெறும்.

சிற்றுருவைப் படமெடுத்தல்

சிற்றுருவைப் படமெடுப்பதில் முதல் இடர்ப்பாடு காலத்தைப் பற்றியதாகும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடைய ஏறத்தாழ 2 விநாடிகள் ஆகும். அதே கட்டடத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்தால் உயரம் 80 சென்டிமீட்டர். விழும் நேரமோ 0.4 விநாடிதான். நீளம் 25 மடங்கு குறைய, காலம் அதன் வர்க்கமூலமாகிய 5 மடங்கே குறைகின்றது. ஆகவே, விநாடிக்கு 24 படச்சட்டங்களுக்கு மாறாக 120 படச்சட்டங்கள் எடுத்து இயல்பான வேகத்தில் ஓடவிட்டால், சிறியது பெரியதன் கனத்தோடு விழுவதாகக் கண்ணுக்குத் தோன்றும். 1965, 1966ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் பொம்மைத் தொடரில் டெரெக் மெடிங்ஸ் இவ்விரைவுப் படப்பிடிப்பைத் திறம்படக் கையாண்டார். நீரும் நெருப்பும் மட்டும் இக்கணக்குக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. நீர்த்துளியின் அளவைப் பரப்பு இழுவிசை முடிவு செய்வதால், சிறிய கப்பலைச் சுற்றியும் அதே பெரிய துளிகள்தாம் தெறிக்கும்.

விண்கலத்துக்கு விழும் சிக்கல் இல்லை. குவியத்தின் சிக்கல் உண்டு. கேமரா சிற்றுருவை நெருங்கும்போது அதன் ஒரு பகுதி தெளிவாகவும் மறுபகுதி மங்கலாகவும் தெரியும். அம்மங்கலே பொருள் சிறியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸின் துவாரத்தை மிகச் சிறிதாக்கினால் தெளிவு கூடும், ஒளி குறையும். எனவே ஒவ்வொரு படச்சட்டத்தையும் நீண்ட நேரம் ஒளிபடச் செய்ய வேண்டும். கேமராவும் மிக மெதுவாக நகர வேண்டும். இந்நகர்வைக் கணினி கட்டுப்படுத்துவதால், அதே பாதையை எத்தனை முறை வேண்டுமாயினும் பிசகின்றித் திரும்பச் செய்யலாம்.

‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘எண்டர்பிரைஸ்’ விண்கலத்துக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் ஏறத்தாழ 6 அடியும் 2 அடியும் நீளமுள்ள இரு சிற்றுருக்களைச் செய்தது. பின்னர் 4 அடிச் சிற்றுரு ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஒரே காட்சிக்குக் கேமரா ஒரே பாதையில் பலமுறை சென்றது. கலத்தின் புறப்பரப்புக்கு ஒருமுறை, உள்ளிருந்து ஒளிரும் சன்னல்களுக்கு ஒருமுறை, கலத்தின் நிழலுருவுக்கு ஒருமுறை எனத் தனித்தனிப் படச்சுருள்கள் உருவாயின. சன்னலின் மெல்லிய ஒளிக்கும் புறப்பரப்பின் வெளிச்சத்துக்கும் ஒரே ஒளிபடுநேரம் பொருந்தாது என்பதே இதற்குக் காரணம்.

இணைப்பும் அதன் விலையும்

திரைப்படங்களில் இத்தகைய சுருள்கள் ஆப்டிகல் பிரிண்டர் என்னும் கருவியில் மறுபடியெடுத்து இணைக்கப்பட்டன. ஒவ்வொரு படியெடுப்பிலும் படத்தின் பொரிவு கூடியது, நாட்களும் கழிந்தன. வாரந்தோறும் ஒளியேற வேண்டிய தொடருக்கு இஃது ஒத்துவராது. ஆதலால், சுருள்கள் வீடியோ நாடாவுக்கு மாற்றப்பட்டு மின்னணு முறையில் இணைக்கப்பட்டன. இலக்கவியல் இணைப்பின் அடிப்படை எளிய பெருக்கல்தான். நிழலுருப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு உண்டு. 1 எனில் அங்குக் கலம் தெரியும். 0 எனில் விண்மீன்கள் தெரியும். விளிம்பில் இடைப்பட்ட மதிப்புகளால் இரண்டும் கலந்து தெரியும். அவ்விளிம்பைச் செம்மையாக்குவதிலேயே கலைஞரின் உழைப்பில் பெரும்பகுதி செலவாகின்றது.

இவ்வசதிக்கு ஒரு விலை இருந்தது. நடிகர்கள் தோன்றும் காட்சிகளும் சிற்றுருக்களும் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டிருப்பினும், முழுமை பெற்ற தொடர் வீடியோ நாடாவில் மட்டுமே இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 525 வரிகளில் படம் தாங்குபவை ஏறத்தாழ 480. தொடரின் ஓர் அத்தியாயமேனும் முழுமையான படச்சுருளாக இருந்ததில்லை. உயர்வரையறைத் தொலைக்காட்சியின் 1,080 வரிகள் வந்தபோது அந்நாடா போதாதாயிற்று.

மீள்பதிப்பு

2012 முதல் 2014 வரை சிபிஎஸ் நிறுவனம் இத்தொடரை உயர்வரையறையில் மீள்பதிப்பித்தது. நம் துறையினருக்கு இப்பணியின் தன்மை நன்கு விளங்கும். ஒளிபரப்பு நாடா அச்சேறிய பாடம் என்றால், பெட்டிகளில் கிடந்த மூலச்சுருள்கள் ஏட்டுச்சுவடிகள். ஒரே காட்சிக்குப் பல எடுப்புகள் இருந்தமையால், எது ஒளிபரப்பில் இடம்பெற்றது என்பதைப் பழைய நாடாவோடு ஒப்புநோக்கியே அறிய வேண்டியிருந்தது. தொடர் முழுவதும் மூலத்திலிருந்து மீண்டும் வெட்டித் தொகுக்கப்பட்டது. புறப்பரப்பு, சன்னல், நிழலுரு ஆகியவை புதிதாக வருடப்பட்டுக் கணினியில் மறுபடி இணைக்கப்பட்டன. கோள்கள், ஒளிக்கதிர்கள் முதலியவற்றுள் வீடியோவிலேயே உருவாகி மூலம் இல்லாதவை புதிதாக வரையப்பட்டன. 1987இல் எவரும் கண்டிராத நுணுக்கங்கள், அக்காலத்துப் படச்சுருளிலிருந்தே வெளிப்பட்டன.

இங்குச் சிற்றுருவைக் காட்டிலும் அதன் படப்பதிவே பயன்பட்டது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 6 அடி ‘எண்டர்பிரைஸ்’ 2006ஆம் ஆண்டிலேயே கிறிஸ்டிஸ் ஏலத்தில் 5,76,000 டாலருக்கு விற்கப்பட்டுவிட்டது. மாதிரி கைமாறிய பின்னரும் பணி தடைபடவில்லை.

‘பாபிலோன் 5’ தொடரின் நிலை இதற்கு மாறானது. 1993இல் முன்னோட்டப் படமாகத் தொடங்கி 1994 முதல் 1998 வரை ஒளிபரப்பான இத்தொடர், தன் விண்கலங்களுக்குச் சிற்றுருவை நாடாமல் கணினி வரைகலையைக் கைக்கொண்டது. தொடக்கத்தில் ஃபவுண்டேஷன் இமேஜிங் நிறுவனத்தார் அமிகா கணினிகளையும் லைட்வேவ் மென்பொருளையும் கொண்டு செய்த பணி, அக்காலத் தொலைக்காட்சிக்கு ஒரு புதுமை. குறைந்த செலவில் அத்தனை பெரிய விண்போர்களைச் சிற்றுருக்களால் காட்டியிருக்க முடியாது என்றே கருதுகின்றேன். ஆனால், அக்காட்சிகள் அன்றைய தொலைக்காட்சியின் அளவுக்கே கணிக்கப்பட்டன. மீண்டும் பெரிதாகக் கணிக்க வேண்டிய கோப்புகள் முழுமையாகப் பேணப்படவில்லை. நடிகர்களின் காட்சிகள் அகலத்திரைக்கும் பொருந்துமாறு படச்சுருளில் எடுக்கப்பட்டிருந்தமையால், பின்னாளைய டிவிடி பதிப்பில் அவை தெளிவாக இருந்தன. விளைவுக் காட்சிகளோ மேலும் கீழும் வெட்டப்பட்டு, பெருக்கப்பட்டு மங்கின. ஓர் அறையில் இருவர் பேசும் காட்சி துலக்கமாகவும், சன்னலுக்கு வெளியே கலம் பறக்கும் காட்சி கலங்கலாகவும் மாறிமாறி வருவதை அப்பதிப்பில் காணலாம். 2021ஆம் ஆண்டின் மீள்பதிப்பு பழைய 4:3 வடிவத்துக்கே திரும்பியது. அதிலும் வரைகலைக் காட்சிகள் கணினியால் பெருக்கப்பட்டவையே.

இதனைக் கொண்டு சிற்றுரு உயர்ந்தது, கணினி தாழ்ந்தது என்று முடிவு கட்டுவது பிழையாகும். கோப்பும் அதனைத் திறக்கும் மென்பொருளும் இருந்திருப்பின், ‘பாபிலோன் 5’ கலங்களையும் எந்த அளவிலும் கணித்திருக்கலாம். படநிறுவனங்களுக்கு நெகட்டிவைப் பெட்டியிலிட்டு வைக்கும் பழக்கம் நெடுநாளாக இருந்தது. கணினிக் கோப்பை அவ்வாறு கருதும் பழக்கம் அன்று உருவாகவில்லை. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பிழைத்தது எவருடைய தொலைநோக்காலும் அன்று, அப்பழக்கத்தால்தான்.

அதனை அடுத்து வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’ ஆகிய இரு தொடர்களும் சிற்றுருவில் தொடங்கிப் படிப்படியாகக் கணினி வரைகலைக்கு மாறியவை. அவற்றை மீள்பதிப்போர் முதற்பருவங்களுக்குச் சுருள்களைத் தேடவேண்டும். இறுதிப் பருவங்களுக்குக் கோப்புகளைத் தேடவேண்டும், அல்லது விண்போர்களைப் புதிதாகச் செய்ய வேண்டும். 2014ஐ அடுத்த பத்தாண்டுகளில் அத்தகைய முழுப் பதிப்பு எதுவும் வெளிவரவில்லை.