பிழை காட்டாத பிழைகள்

தரவுகளை அட்டவணைகளாக வைத்துக் கையாளும் முறையை 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்தார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க, அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் ஒரு மொழியை வெளியிட்டார்கள். அதுதான் இன்றைய எஸ்.க்யூ.எல். அமெரிக்கத் தரநிலை அமைப்பு 1986இல் இதற்குப் பொது இலக்கணம் வகுத்தது. அதற்குள் ஆரக்கிள் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் சந்தைக்கு வந்து தத்தம் வழக்கை வளர்த்துக்கொண்டிருந்தன.

'செலக்ட்', 'ஃப்ரம்', 'வேர்' என்ற அடிப்படைக் கட்டளைச் சொற்கள் எங்கு போனாலும் மாறுவதில்லை. மதிப்பெண் பட்டியலில் முதல் பத்துப் பேரைக் கேட்கும்போதுதான் வழிகள் பிரிகின்றன. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் மூன்றிலும் கட்டளையின் கடைசியில் 'லிமிட் 10' என்று எழுதுவோம். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 'செலக்ட்'டுக்குப் பக்கத்திலேயே 'டாப் 10' வரும். ஒன்றின் வழக்கை இன்னொன்றில் எழுதினால் உடனே பிழைச்செய்தி வந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். இந்த வகை வேறுபாடுகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

பிழையே காட்டாமல் தவறான விடை தருபவைதான் ஆபத்தானவை. வரிகளுக்கு எண் இடும் 'ரோநம்' என்ற ஆரக்கிளின் பழைய வழக்கு அப்படிப்பட்டது. 'ரோநம் பத்துக்குள் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு, வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' சேர்த்து மதிப்பெண் வாரியாகக் கேட்டால், ஆரக்கிள் முதலில் கைக்குக் கிடைத்த பத்து வரிகளை எடுத்துவிட்டு, அப்புறம்தான் அவற்றை வரிசைப்படுத்தும். திரையில் பத்துப் பெயர்கள் ஒழுங்காக இறங்குவரிசையில் நிற்கும். பள்ளியின் முதல் மாணவி அதில் இல்லாமலே போகலாம். உள்ளே ஒரு துணைக் கேள்வியில் வரிசைப்படுத்திவிட்டு வெளியே பத்தை எடுப்பதுதான் சரியான வழி.

இன்னும் சில இடங்கள் உண்டு. 5/2 என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் 2 என்று சொல்லும், மைஎஸ்க்யூஎல் 2.5 என்று சொல்லும். இரட்டைச் செங்குத்துக் கோடு இட்டு 'பூ', 'மாலை' இரண்டையும் இணைத்தால் போஸ்ட்கிரெஸில் 'பூமாலை' வரும். மைஎஸ்க்யூஎல் அந்தக் கோட்டை இயல்பாக 'அல்லது' என்று எடுத்துக்கொள்வதால் பூஜ்ஜியம் வரும். ஆரக்கிள் வெற்றுச் சொல்லை, மதிப்பே இல்லாத 'நல்' ஆகவே கருதும். தொலைபேசி எண் காலியாக உள்ளவர்களை வெற்றுச் சொல்லோடு சமப்படுத்தித் தேடினால், அங்கே ஒருவரும் அகப்பட மாட்டார்.

புதிய தரவுத்தளம் ஒன்றைக் கற்கத் தொடங்குபவர், ஐந்து வரியில் சின்ன அட்டவணை ஒன்றை முதலில் உருவாக்குவது நல்லது. அதில் ஒரு 'நல்', ஒரு வெற்றுச் சொல், ஓர் ஒற்றைப்படை எண், ஒரே மதிப்பெண் பெற்ற இருவர் இருக்கட்டும். கட்டளையை ஓட்டுவதற்கு முன்பே விடையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் வருவது எங்கே தாளோடு ஒத்துப்போகவில்லையோ, கையேட்டில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.