வால் நுனியில் இருக்கிறது பெயர்

கேரளத்துக் காட்டோடைகளின் ஓரம் காமிராவும் கையுமாகக் குத்துக்காலிட்டுக் காத்திருப்பவர்களின் குறி யானையல்ல, தட்டான். ஒரு காலத்தில் இந்தப் பூச்சியின் பெயர் தெரிய வேண்டுமானால் வலைவீசிப் பிடித்து, கொன்று, பெட்டிக்குள் வைத்தாக வேண்டும். ராணுவ டாக்டர் எஃப்.சி. ஃப்ரேசர் அப்படித்தான் செய்தார். 1933 முதல் 1936 வரை வெளியான அவரது மூன்று தொகுதிகள் இன்றும் மூலநூல். ஆனால் சிறகு நரம்புகளைப் படிக்கத் தெரியாதவருக்கு அதில் எதுவும் புரியாது. 2005ல் கே.ஏ. சுப்பிரமணியனின் கையேடு வண்ணப் படங்களுடன் வந்த பிறகுதான் சாதாரண ஆர்வலர்களுக்குக் கதவு திறந்தது.

இந்தியாவில் சுமார் 500 இனங்கள்; மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் ஏறத்தாழ 200. சிறகை விரித்தபடி உட்கார்ந்தால் தட்டான், முதுகின்மேல் மடித்துக்கொண்டால் ஊசித்தட்டான். விரித்து உட்காரும் ஊசித்தட்டான்களும் உண்டு. தலையின் இரு ஓரத்தில் விலகி நிற்கும் கண்கள் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். (மலையாளிகளுக்கு இது தும்பி. சங்கத் தமிழிலோ தும்பி என்றால் வண்டு. மலை தாண்டியதும் பெயர் பூச்சியை மாற்றிக்கொண்டுவிட்டது!)

நிறத்தை நம்பினால் மோசம். புல்தரையில் சாதாரணமாகத் தென்படும் டிப்ளகோடஸ் டிரிவியாலிஸ் ஆண், இளமையில் மஞ்சளும் கறுப்பும். முதிர முதிர உடலெங்கும் நீலச் சாம்பல் பூத்துவிடும். அழகான ஒரே படம் இங்கே உதவாது. மார்புக் கோடுகளுக்காகப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, பிறகு பலரும் மறந்துவிடும் ஆணின் வால் நுனி. பெண்ணைப் பற்றிக்கொள்ள அங்கே இருக்கும் இடுக்கி போன்ற உறுப்பு இனத்துக்கு இனம் வேறுபடும். பல ஊசித்தட்டான்களில் அதுதான் கடைசித் தீர்ப்பு. துரத்துவது வீண். வெயில் ஏறுமுன் உடல் சூடேறாத பூச்சி அசையாது. வெயிலிலும் பல தட்டான்கள் சுற்றிவிட்டு அதே குச்சிக்குத் திரும்பும்.

தட்டானின் இளம்பருவம் முழுவதும் தண்ணீரில்தான். எனவே அதன் படம் ஓடையைப் பற்றிய சாட்சியமும்கூட. ஃப்ரேசர் பெயர் தாங்கிய யூஃபியா ஃப்ரேசரி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. அதற்குக் காட்டின் ஓடும் நீர் வேண்டும். ஆரஞ்சு நிற பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா சாக்கடையிலும் பிழைக்கும். மரம் வெட்டி, கழிவு கலந்த ஓடையில் முதலாவதைத் தேட வேண்டாம். முன்பு அது அங்கே இருந்ததா என்பதை இடமும் தேதியும் குறித்த பழைய படம்தான் சொல்லும். ஃப்ரேசரின் தொகுதிகளை இன்றும் புரட்டுகிறார்கள் என்றால், எந்த இனம் எங்கே கிடைத்தது என்று அவர் எழுதிவைத்ததும் அதற்கு ஒரு காரணம்.